தரம் 10க்குப் புவியியலா, கொமர்ஸா, குடியுரிமைக் கல்வியா, சிங்களமா?

தரம் 9 முடியும் காலத்தில் பாடசாலையிலிருந்து ஒரு படிவம் வீட்டுக்கு வரும். சமயம், தமிழ், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எல்லோருக்கும் கட்டாயம். மிச்சம் மூன்றை மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்ய வேண்டும். இரண்டாம், மூன்றாம் தொகுதிகளில் பெரிதாகக் குழப்பம் வருவதில்லை. பாட்டு வருகிற பிள்ளை சங்கீதம் எடுக்கும், கை சும்மா இருக்காத பிள்ளை சித்திரம் எடுக்கும். முதல் தொகுதிக்கு வரும்போதுதான் பேனை நின்றுவிடும்.

கடந்த முறை ஒரு தாய் பின்னேரம் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தார். விரலில் இருந்த கறை படிவத்தில் பட்டுவிடக் கூடாது என்று அதன் ஓரத்தை மட்டும் பிடித்திருந்தார். மகள் பின்னால் நின்றாள். "சேர், இவ எதக் கேட்டாலும் தெரியாதுங்கிறா. நீங்களே ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றார்.

நான் புவியியல் படிப்பிக்கிறவன். என் பாடத்தையே போட்டுக் கொடுப்பேன் என்றுதான் அவர் நினைத்திருப்பார். நான் போட்டுக் கொடுக்கவில்லை. அன்று அவர்களோடு உட்கார்ந்து பேசியதையும், அதே கேள்வியோடு வருகிற மற்றப் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்வதையும் இங்கே எழுதுகிறேன். தொகுதியில் வேறு பாடங்களும் உண்டு. ஆனால் நம் மலையகப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுதான் கைக்கெட்டும்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்

முதலாவது, ஆசிரியர். அடுத்த இரண்டு வருடமும் அந்தப் பாடத்தை யார் படிப்பிக்கப் போகிறார்? அந்தப் பாடத்தைப் படித்தவரா, பாடவேளையை நிரப்ப விடப்பட்டவரா? ஓய்வுபெறப் போகிறாரா, இடமாற்றம் கேட்டிருக்கிறாரா? இதை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. நான் தரம் 10இல் கொமர்ஸ் எடுத்தவன். நல்ல ஆசிரியர். இரண்டாம் தவணை முடிந்ததும் அவருக்கு இடமாற்றம் வந்தது. பதிலுக்கு யாரும் வரவில்லை. பேரேட்டில் பாதியில் நின்ற கணக்கு அப்படியே நின்றது, கொமர்ஸ் பாடவேளைகளில் நாங்கள் மைதானத்தில் புல் பிடுங்கினோம். தரம் 11 தொடங்கும்போது நான் புவியியலுக்கு மாறினேன். விரும்பி மாறியதல்ல, வேறு வழி இருக்கவில்லை.

இரண்டாவது, உயர்தரத்தில் எந்தப் பிரிவு. பதினாலு வயதில் அதை முடிவு செய்ய முடியாதுதான். ஆனாலும் எந்தக் கதவை மூடக் கூடாது என்பதையாவது யோசிக்கலாம்.

மூன்றாவது, பிள்ளையின் கை எதில் ஓடுகிறது. படம் வரைந்து புரிந்துகொள்கிற பிள்ளை, எண்ணை ஒழுங்காக அடுக்குகிற பிள்ளை, பந்தி பந்தியாக எழுதுகிற பிள்ளை, காதால் கேட்டு வாயால் பிடிக்கிற பிள்ளை என்று பல விதம் உண்டு.

நான்காவது, செலவு. காசு மட்டும் செலவல்ல. டவுனில் டியூஷன் என்றால் பஸ் காசும் போகும், சனிக்கிழமை முழுதும் போகும், இருட்டிய பிறகு பெண் பிள்ளையைக் கூட்டிவர ஒரு ஆளும் வேண்டும்.

"எது லேசு?" என்பதை நான் ஓர் அளவுகோலாகவே எடுப்பதில்லை. நல்ல ஆசிரியரிடம் எல்லாம் லேசு. ஆனால் பெறுபேற்றை அலட்சியம் செய்யவும் முடியாது. உயர்தரத்துக்குப் போக தமிழும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும், அவற்றில் மூன்று திறமைச் சித்தியாக இருக்க வேண்டும். கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் தட்டுத்தடுமாறும் பிள்ளைக்கு அந்தத் திறமைச் சித்திகள் தொகுதிப் பாடங்களிலிருந்துதான் வர வேண்டியிருக்கும்.

புவியியல்

"மனப்பாடம் பண்ணினால் போதும்" என்று நினைத்து எடுக்கிற பிள்ளைகள் முதல் தவணையிலேயே திணறுவார்கள். நாடு, தலைநகர், ஆறு என்று ஒப்புவிக்கிற பாடம் தரம் 6இலேயே முடிந்துவிட்டது. தரம் 10, 11இல் ஏன், எப்படி என்று கேட்பார்கள். ஏன் இந்த மழை இந்தப் பக்கம் பெய்கிறது? ஏன் இந்தப் பயிர் இந்த உயரத்தில் வளர்கிறது? அதோடு தேசப்படம். அதை விட்டுவிட்டு நல்ல பெறுபேறு எடுக்க வழியே இல்லை.

பிள்ளைகள் அதிகம் பயப்படுவது 1:50,000 இடவிளக்கப் படத்துக்கு, அதிலும் சமவுயரக் கோடுகளுக்கு. கரும்பலகையில் சுற்றுச் சுற்றாக வரைந்து "இது மலை" என்றால் யாருக்குப் புரியும்? எனக்கு அது புரிந்தது வகுப்பில் அல்ல. அப்பா தோட்டத்தில் கான், அதாவது மழைத் தண்ணீர் வடிகிற வாய்க்கால், வெட்டும் வேலைக்குப் போனவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்தை அவருக்கு முன்னால் விரித்து, "இந்தக் கோடெல்லாம் என்னவென்று விளங்கவில்லை" என்றேன். அவர் என்னை எதிர்மலையைப் பார்க்கச் சொன்னார். வீ.பி. தேயிலை, அதாவது விதையில்லாமல் வெட்டுத்துண்டிலிருந்து வளர்த்த செடி, போட்ட மலை. செடி வரிசைகள் மலையைச் சுற்றிச் சுற்றி, ஏறாமல் இறங்காமல், ஒரே மட்டத்தில் போயின. "ஒரு வரிசையிலேயே நடந்தா மூச்சு வாங்காது. அடுத்த வரிசைக்கு ஏறினாத்தான் வாங்கும்" என்றார். அன்றைக்கு எனக்குச் சமவுயரக் கோடு புரிந்தது. கான் மட்டும் கொஞ்சம் சரிவாக ஓடும், தண்ணீர் வடிய வேண்டுமே. அதையும் அவர்தான் சொன்னார்.

இன்றைக்கும் அப்படித்தான் படிப்பிக்கிறேன். அந்தப் படத்தில் இரண்டு கோட்டுக்கு இடையில் 20 மீற்றர் உயரம். ஒரு சென்ரிமீற்றர் என்றால் நிலத்தில் 500 மீற்றர். ஒரு சென்ரிமீற்றருக்குள் ஐந்து இடைவெளி நெருங்கிக் கிடந்தால் 500 மீற்றர் நடப்பதற்குள் 100 மீற்றர் ஏற வேண்டும். "மேல் லயத்துக்குப் போகிற குறுக்குப் பாதை மாதிரியா சேர்?" என்று தங்கள் தோட்டத்து வரிசை வீடுகளை நினைத்து ஒரு பிள்ளை கேட்டால் வகுப்புக்கே புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

நம் பிள்ளைகளுக்குப் புவியியலில் இருக்கிற பெரிய பலம் இதுதான். பாடப் புத்தகத்தில் இருப்பதில் பாதி அவர்களுடைய யன்னலுக்கு வெளியே இருக்கிறது. டிக்கோயாவில் பெய்கிற மழை காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போய், கெஹெல்கமு ஓயாவாக இறங்கி, மஸ்கெலி ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிக் கொழும்புப் பக்கம் கடலில் விழுகிறது. பஸ்ஸில் கொஞ்ச நேரத் தூரத்தில் இருக்கிற தலவாக்கலையில் பெய்வது கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் கலந்து, நாட்டைச் சுற்றிக்கொண்டு திருகோணமலைப் பக்கம் கொட்டியாரக் குடாவுக்குப் போகிறது. ஒரே மழை மேற்குக் கடலுக்கும் கிழக்குக் கடலுக்கும் பிரிந்து போகிற இடத்தில் இருந்துகொண்டு, நீர்ப்பிரிமேடு என்றால் என்ன என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

மொன்சூனும் அப்படித்தான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் மொன்சூன் மஸ்கெலியாவிலும் வட்டவளையிலும் கொட்டித் தீர்க்கும். அதே மாதங்களில் மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்குகிற காற்று காய்ந்துபோய் வரும். மட்டக்களப்பில் அதைக் கச்சான் என்பார்கள். அந்தக் காய்ந்த காற்றில்தான் ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏறுகிறது. டிம்புளைப் பக்கத்துக்கு அந்தக் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. மலைக்குப் பின்னால் மழை ஏன் குறைகிறது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை எந்தக் குறிப்பிலும் கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மலையகத்தில் மறுபடியும் பல இடங்களில் மண் சரிந்தது. சுவரில் புதிதாக விழும் வெடிப்பு, திடீரென்று மூடத் திறக்க முடியாமல் இறுகும் கதவு, இல்லாத இடத்தில் வரும் ஊற்று, தெளிவாக ஓடிய ஊற்று சேறாகக் கலங்குவது, சாய்ந்து நிற்கும் மரம். இவை மண்சரிவுக்கு முன் வரும் அடையாளங்கள் என்று தெரிந்த ஒரு பிள்ளை லயத்தில் இருப்பது அந்த லயத்துக்கே நல்லது. பாடத்தைத் தெரிவுசெய்ய இது ஒரு காரணமா என்று கேட்பார்கள். எனக்கு இது காரணம்தான்.

சரி, கண்ணுக்குத் தெரியாத செலவுக்கு வருவோம். நல்ல அட்லஸ் ஒன்று வேண்டும், அது விலை கூட. அண்ணன், அக்கா படித்த பழையது கிடைத்தால் மலை, ஆறு, காலநிலைக்குத் தாராளமாகப் போதும். வாரத்துக்கு ஒரு தரமாவது இலங்கைப் படத்தையும் உலகப் படத்தையும் கையால் குறித்துப் பழக வேண்டும், இதற்கு டியூஷன் உதவாது. கலைச்சொற்களும் பாரம்தான், நதிகள் அரிக்கும் விதத்திலிருந்து கைத்தொழில் வரை ஒவ்வொன்றுக்கும் புதுச்சொல் வரும். எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு, படவேலை தெரியாத ஆசிரியர். குறிப்புகளை மட்டும் எழுதக் கொடுத்து, படத்தைத் தொடாமலே இரண்டு வருடத்தை முடித்துவிடுகிற வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் பரீட்சை மண்டபத்தில்தான் முதல் தடவையாக 1:50,000 படத்தை விரிப்பார்கள். அப்படியான பாடசாலை என்றால் புவியியலை எடுக்காதீர்கள் என்று புவியியல் ஆசிரியராகிய நானே சொல்கிறேன்.

படம் போட்டுப் புரிந்துகொள்கிற, கேள்வி கேட்கிற பிள்ளைக்கு, படவேலை தெரிந்த ஆசிரியரும் இருந்தால், இந்த நான்கில் புவியியலைத்தான் நான் முதலில் வைப்பேன்.

வணிகமும் கணக்கீடும்

எல்லோரும் கொமர்ஸ் என்றே சொல்வார்கள். இதில் பாதி வணிகம், பாதி கணக்கீடு. கணக்கீட்டுப் பாதியில் விடை சரி என்றால் முழுப் புள்ளி. எழுத்து அழகு, மொழி நடை எதுவும் பார்க்கப்படாது. பந்தி எழுதத் தடுமாறுகிற, ஆனால் வரிசையாக யோசிக்கிற பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். கணிதத்துக்குப் பயந்த பிள்ளையும் பயப்படத் தேவையில்லை, கூட்டல், கழித்தல், விகிதம் தெரிந்தால் போதும்.

வீட்டுக்கும் உதவும். அப்பாவின் சம்பளத் துண்டை எடுத்து ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 வீதம் கழிகிறதா என்று பிள்ளை பார்க்கும். அதோடு தோட்டம் தன் பங்காக 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் போட வேண்டும் என்றும் தெரிந்திருக்கும். கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளில் பேரேடு எழுதத் தெரிந்தவருக்கும் மூட்டை தூக்குகிறவருக்கும் சம்பளம் ஒன்றல்ல.

ஆனால் இது சங்கிலிப் பாடம். இரட்டைப் பதிவு புரியாமல் பேரேடு இல்லை, பேரேடு இல்லாமல், அதன் மீதிகளைச் சரிபார்க்கும் பட்டியலான பரீட்சை மீதி இல்லை. கொழுந்து கூடிய நாட்களில் தம்பி தங்கையைப் பார்க்க வீட்டில் நிற்க வேண்டிய பிள்ளைக்கு ஒரு கிழமை போனால் சங்கிலி அறுந்துவிடும், பிறகு டியூஷன் இல்லாமல் கோர்ப்பது கஷ்டம். புவியியலில் ஓர் அலகு தவறினால் அடுத்த அலகைப் படிக்கலாம், கொமர்ஸில் முடியாது. ஆகவே ஒழுங்காகப் பாடசாலைக்கு வருகிற, உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவைக் கண் வைத்திருக்கிற பிள்ளைக்கு இது நல்லது. நடுவில் ஆசிரியர் போய்விட்டால் நாலு பாடத்திலும் அதிகம் நட்டப்படுவது கொமர்ஸ் பிள்ளைதான், அதை நான் அனுபவித்தே சொல்கிறேன்.

குடியுரிமைக் கல்வி

இதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஆசிரியர் கிடைப்பது லேசு, பொருள் செலவு இல்லை, தனியாக இருந்தும் படிக்கலாம். ஆசிரியர் பற்றாக்குறையான பாடசாலையில் பாதுகாப்பான தெரிவு இதுதான்.

அதற்காக வெறும் இடநிரப்பியாக நினைக்காதீர்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கியது. மிஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த சட்டம் 2003இல்தான் வந்தது. பிரதேச சபை தன் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டம் திருத்தப்பட்டதோ 2018இல். தோட்டப் பாதை ஏன் இத்தனை காலம் குண்டும் குழியுமாகக் கிடந்தது என்பதற்குப் பாதி விடை அதில் இருக்கிறது. குடியுரிமை என்ற சொல்லை நம் பிள்ளைகள் படிப்பதற்கும் மற்றவர்கள் படிப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

குறை என்னவென்றால், நீளமாக எழுத வேண்டும். எல்லா விடையும் ஒன்றுபோலத் தோன்றும், அதனால் சித்தி எடுப்பது லேசு, ஏ எடுப்பது கஷ்டம். எழுத்து வளம் உள்ள, உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் பக்கம் போகக்கூடிய பிள்ளைக்குச் சரி.

இரண்டாம் மொழி சிங்களம்

பெற்றோர் அதிகம் கவனிக்காமல் விடுகிற பாடம் இது. "அதான் பேசுறானே, அப்புறம் எதுக்குப் படிக்கணும்?" என்பார்கள். பஜாரில் பேசுகிற சிங்களமும் பரீட்சையில் எழுதுகிற சிங்களமும் வேறு வேறு. பேச்சில் 'மம யனவா' என்றால், எழுத்தில் 'மம யமி'. ஆளுக்கு ஆள் வினைமுற்று மாறும். ஒரே மாதிரி ஒலிக்கிற இரண்டு னகரத்தில் எது எங்கே வரும் என்று பழக வேண்டும். நன்றாகப் பேசுகிற பிள்ளைதான் இதில் அதிகம் சறுக்கும், தெரியும் என்ற நம்பிக்கையில் எழுதிப் பழகாததால். மறைந்திருக்கும் செலவு அதுதான், தினமும் அரைப்பக்கமாவது எழுத வேண்டும்.

பலன் ஆயுளுக்கும் வரும். அரச சேவைக்குப் போகிறவர் மற்ற அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற்றாக வேண்டும். அதற்கு முன்னாலேயே, பொலிசில் முறைப்பாடு எழுதும்போது அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டுக் கையெழுத்து வைக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் நம்மில்? ஆஸ்பத்திரித் துண்டு, காணிக் கடிதம், வங்கிப் படிவம் எல்லாம் இதே கதைதான். உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ எடுப்பது நிச்சயம் என்றால், முதல் தொகுதிப் பாடம் அங்கே தொடரப் போவதில்லை. அப்படியான பிள்ளைக்கு, நல்ல சிங்கள ஆசிரியர் இருந்தால், புவியியலைவிட இதையே சொல்வேன்.

உயர்தரத்தை வைத்துப் பார்த்தால்

ஒரு தவறான நம்பிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். நில அளவையாளர் ஆக வேண்டும், அதனால் புவியியல் எடுக்கிறேன் என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளை வரும். நில அளவைப் பட்டப்படிப்புக்கு உயர்தரத்தில் கணிதப் பிரிவு வேண்டும். சாதாரண தரப் புவியியல் படம் வாசிக்க உதவும், அந்தக் கதவைத் திறப்பது கணிதம்தான்.

கலைப் பிரிவில் புவியியல் மற்றப் பாடங்களோடு நன்றாகச் சேரும். பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் புவியியல் துறைகள் இருக்கின்றன. தொழினுட்பப் பிரிவில் மூன்றாவது பாடமாகப் புவியியலை எடுக்க இடமுண்டு, இது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. பத்தாம் வகுப்பில் கொமர்ஸ் எடுக்காமல் உயர்தர வர்த்தகத்துக்குப் போனவர்களும் இருக்கிறார்கள், முதல் ஆறு மாதம் மூச்சு முட்டும், அவ்வளவுதான். உயர்தரத்தில் புவியியலைப் புதிதாகத் தொடங்குகிறவருக்குப் படவேலைதான் இழுக்கும். தமிழ், அரசியல் விஞ்ஞானம் எல்லாம் அப்படி முன்கூட்டியே எதையும் கேட்பதில்லை.

படிவத்தைக் கொடுக்கும் முன்

அதிபரிடமோ பகுதித் தலைவரிடமோ நேரே போய், அடுத்த வருடம் எந்தப் பாடத்துக்கு யார் என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், அது பெற்றோரின் உரிமை. தரம் 11இல் படிக்கிற ஒரு பிள்ளையின் கொப்பியை வாங்கிப் பாருங்கள். புவியியல் கொப்பியில் படமே இல்லை என்றால், கொமர்ஸ் கொப்பியில் திருத்திய சிவப்பு மையே இல்லை என்றால், அதற்கு மேல் விசாரிக்கத் தேவையில்லை. பிறகு கடந்தகால வினாத்தாள் நான்கையும் மேசையில் பரப்பி, பிள்ளை எதைக் கையில் எடுக்கிறது என்று சும்மா இருந்து கவனியுங்கள்.

தவறான பாடத்தை எடுத்துவிட்டால் தரம் 10இன் முதல் தவணைக்குள் மாறிவிடுவது நல்லது. நான் மாறியது மிகவும் பிந்தி. விடுமுறையெல்லாம் படித்துத்தான் எட்டிப் பிடித்தேன்.

அந்தத் தாயும் மகளும் அப்படியே செய்தார்கள். அவளுடைய பாடசாலையில் புவியியல் ஆசிரியர் அடுத்த வருடம் ஓய்வுபெறுகிறார், பதிலுக்கு யார் என்று அதிபருக்கே தெரியவில்லை. சிங்களத்துக்கு நல்ல ஆசிரியை இருக்கிறார். மகளுக்குத் தாதியாக வேண்டுமாம், விஞ்ஞானம் நன்றாகச் செய்கிறாள். படிவத்தில் இரண்டாம் மொழி சிங்களம் என்று அவளே எழுதினாள், நான் பேனையை மட்டும் கொடுத்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து என் அட்லஸை வாங்கிப் புரட்டிக்கொண்டிருப்பாள். போன வாரம் மகாவலி எங்கெங்கே வளைகிறது என்று விரலால் தொட்டுக்கொண்டே கொட்டியாரக் குடா வரை போனாள்.